பல துகள் குவாண்டம் கட்டங்கள்: எந்தக் கணக்கீட்டு முறையைக் கையில் எடுப்பது?

ஒன்றையொன்று விலக்கும் எலக்ட்ரான்கள், பக்கத்து ஸ்பின்னுக்கு எதிர்த்திசையில் நிற்க முயலும் ஸ்பின்கள் (துகள்களின் நுண்காந்தங்கள்), லேசர் ஒளியாலான கூட்டில் தாவித் திரியும் குளிர்ந்த அணுக்கள். இவை எதற்கும் ஹாமில்டோனியனை, அதாவது அமைப்பின் ஆற்றலைச் சொல்லும் சூத்திரத்தை, ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்தக் கூட்டம் கடுங்குளிரில் காந்தமாக நிற்குமா, மீக்கடத்தியாகுமா, மின்காப்பானாக உறையுமா, ஒழுங்கே பிடிக்காத ஸ்பின் திரவமாகத் தங்கிவிடுமா, அதாவது எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பதை அந்த ஒரு வரியிலிருந்து கறந்தெடுப்பதுதான் கடினம்.

அதற்கான முறைகள் இன்று பல இருக்கின்றன. துறைக்குள் புதிதாக வருபவர் எல்லாவற்றையும் கற்க முடியாது. ஏதாவது ஒன்றில் இரண்டு மூன்று வருடம் செலவழித்தால்தான் அது கைக்குப் பழகும். ஆனால் பெரும்பாலும் இந்தத் தேர்வைக் குழுவில் ஏற்கெனவே கிடக்கும் நிரல்தான் செய்கிறது, மாணவர் செய்வதில்லை. ஒருமுறையாவது உட்கார்ந்து முறைகளை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒப்பிட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். கணக்கைச் சாத்தியமாக்க இந்த முறை எதைக் கைவிடுகிறது? நாம் தேடும் கட்டத்தின் உயிர் அந்தக் கைவிட்ட பகுதியில் இருந்தால், எத்தனை தசம இலக்கம் துல்லியம் வந்தாலும் பயனில்லை.

எதையாவது கைவிட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்பின் அரை கொண்ட 10 ஸ்பின்களுக்கு 1,024 அடிப்படை நிலைகள். 20 ஸ்பின்களுக்குப் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். 40 ஸ்பின்களுக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டுகிறது. அலைச்சார்பு ஒன்றை நினைவகத்தில் வைக்கவே ஏறக்குறைய 8.8 டெராபைட் வேண்டும். 300 ஸ்பின்கள் என்றால், காணக்கூடிய பேரண்டத்தின் அணுக்களைவிட நிலைகளின் எண்ணிக்கை அதிகம். ஹப்பார்ட் மாதிரியில் (கூட்டின் இடங்களுக்கிடையே தாவி, ஒரே இடத்தில் சேர்ந்தால் விலக்கிக்கொள்ளும் எலக்ட்ரான்களின் மாதிரி) ஓர் இடத்துக்கு நான்கு வாய்ப்புகள் என்பதால் 20 இடங்களிலேயே 40 ஸ்பின்களின் சுமை வந்துவிடும்.

சராசரிப் புலம்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

எல்லோரும் தொடங்கும் இடம் இது. ஒரு துகளைச் சுற்றியுள்ள மற்ற எல்லாத் துகள்களின் தாக்கத்தையும் ஒரு சராசரிப் புலமாக மாற்றிவிட்டால் பல துகள் கணக்கு ஒரு துகள் கணக்காகிவிடும். கைவிடப்படுவது ஏற்ற இறக்கங்கள். இழப்பு எவ்வளவு என்பது பரிமாணத்தைப் பொறுத்தது, அதற்கு போசான்கள் (ஒரே நிலையில் எத்தனையும் சேரக்கூடிய துகள்கள்) தாவும் போஸ்–ஹப்பார்ட் மாதிரியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஓர் இடத்துக்கு ஒரு போசான் என்ற நிரப்பலில், விலக்கு ஆற்றலைத் தாவல் ஆற்றலால் வகுத்த விகிதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மீப்பாய்மம் (உராய்வின்றிப் பாயும் கட்டம்) மாட் மின்காப்பானாக (விலக்கால் துகள்கள் இடத்திலேயே உறைந்த கட்டமாக) மாறுகிறது. சராசரிப் புலக் கணக்கில் அந்த எல்லை, அண்டை இடங்களின் எண்ணிக்கையை 5.83 ஆல் பெருக்கினால் வரும் எண். கனசதுர லாட்டிஸில் (இடங்களின் ஒழுங்கான கூட்டில்) அது 35; மான்டி கார்லோ (தற்செயல் மாதிரிகளால் கணக்கிடும் முறை, பின்னால் வருகிறது) தரும் விடை 29.3. சதுர லாட்டிஸில் 23.3, மான்டி கார்லோ விடை 16.7. ஒருபரிமாணச் சங்கிலியில் சராசரிப் புலம் 11.7 என்கிறது, உண்மையான எல்லையோ 3.3 அருகில். மூன்று பரிமாணத்தில் இருபது சதவீதத்துக்கு உட்பட்ட பிழை, ஒரு பரிமாணத்தில் உண்மையான எல்லையைப் போல மூன்றரை மடங்கு விடையைத் தந்துவிடுகிறது. அதோடு, சங்கிலியில் நடக்கும் மாற்றம் கோஸ்டர்லிட்ஸ்–தௌலஸ் வகையைச் சேர்ந்தது. சராசரிப் புலத்துக்கு அந்த வகை கண்ணிலேயே படாது.

ஆனால் இதை வைத்து எளிய முறைகளை ஏளனமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சதுர லாட்டிஸ் ஹைசன்பர்க் எதிர்ஃபெர்ரோகாந்தத்தில் (பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும் காந்தத்தில்) ஒன்றுவிட்டு ஒன்று மாறும் காந்தமாக்கம் செவ்வியல் கணக்கில் 0.5. அதன்மேல் ஸ்பின் அலைகளின் முதல் திருத்தத்தைச் சேர்த்ததும் 0.303 கிடைக்கிறது. 1952-இல் ஆண்டர்சன் காகிதத்திலேயே செய்த கணக்கு இது. பல பத்தாண்டுகள் கழித்து மான்டி கார்லோ சொன்ன விடை 0.307. ஒழுங்கு வலுவாக இருக்கும் கட்டத்துக்குள், ஒழுங்கைச் சுற்றிய சிறு அசைவுகளைச் சேர்த்தாலே போதுமானதாகிவிடுகிறது. எனவே எந்த மாதிரியை எடுத்தாலும் முதல் வாரத்தில் இதைச் செய்துவிடுங்கள். கட்ட வரைபடத்தின் ஓரங்கள் தெரிந்துவிடும். நடுவில் எங்கே சண்டை என்பதும் தெரியும்.

நேரடி மூலைவிட்டமாக்கல்

இங்கே தோராயமே கிடையாது. சிறிய அமைப்பை எடுத்து, ஹாமில்டோனியன் அணியின் தாழ்ந்த ஆற்றல் நிலைகளை லான்சோஸ் என்ற படிப்படியான கணக்கு வழியில் கண்டுபிடிப்பதுதான் வேலை. கைவிடப்படுவது அளவு. சமச்சீர்மைகளைப் பயன்படுத்தினால் சுமை குறையும்: 40 ஸ்பின் சங்கிலியில் மொத்த ஸ்பின் கூறு சுழியமாக உள்ள பகுதியில் சுமார் 13,784 கோடி நிலைகள், இடப்பெயர்ச்சிச் சமச்சீர்மையையும் சேர்த்தால் சுமார் 345 கோடி. இப்படித் தோலுரித்துத் தோலுரித்துத்தான் 2019-இல் காகோமே லாட்டிஸில் (மூலைகளில் தொடும் முக்கோணங்களாலான கூட்டில்) 48 ஸ்பின் வரை போனார்கள்.

48 ஸ்பின் என்பது இருபரிமாணத்தில் ஏழுக்கு ஏழுகூட இல்லை. தொடர்பு நீளம் (ஒரு ஸ்பின்னின் தாக்கம் எட்டும் தூரம்) அதைவிடப் பெரியதாக இருந்தால் கட்டம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. இருந்தாலும் இதைக் கற்காமல் வேறு எதிலும் நுழைய வேண்டாம் என்பேன். தாழ்ந்த ஆற்றல் நிலைகளின் வரிசை முழுவதும் கிடைக்கும். எந்தக் குவாண்டம் எண்ணில் எந்த நிலை கீழே வருகிறது என்பதைப் பார்த்தே எந்தச் சமச்சீர்மை உடையப்போகிறது என்று ஊகிக்கலாம். பெரிய முறை எதை எழுதினாலும், அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க 16 இடங்களின் துல்லியமான விடை வேண்டும். குஸ்பின் போன்ற இலவசத் தொகுப்பில் ஓரிரு வாரத்தில் பழகிவிடலாம். இரண்டு வருடம் செலவிட வேண்டிய முறை இது இல்லை. இரண்டு மாதம் போதும்.

குவாண்டம் மான்டி கார்லோவும் டிஎம்ஆர்ஜியும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

மான்டி கார்லோ, குவாண்டம் அமைப்பின் பகிர்வுச் சார்பைக் கூடுதலாக ஒரு கற்பனைக் கால அச்சு கொண்ட செவ்வியல் அமைப்பின் கூட்டுத்தொகையாக மாற்றி, அதிலிருந்து தற்செயலாக நிலைகளைப் பொறுக்கி மாதிரி எடுக்கிறது. அந்தக் கூட்டுத்தொகையில் வரும் எடைகள் எல்லாம் நேர்மறையாக இருந்தால் இதைவிட நல்ல முறை கிடையாது. பல்லாயிரம் ஸ்பின்களுக்குப் போகலாம், வெப்பநிலையை விரும்பியபடி வைக்கலாம், பிழையின் அளவும் நேர்மையாகத் தெரியும். மாதிரிகளை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும், அவ்வளவுதான். போசான்கள், இரு உட்கூடுகளாகப் பிரியும் லாட்டிஸில் உள்ள ஹைசன்பர்க் காந்தங்கள், அதே வகை லாட்டிஸில் பாதி நிரம்பிய ஹப்பார்ட் மாதிரி, ஈர்ப்பு விசை கொண்ட ஹப்பார்ட் மாதிரி ஆகியவை இந்தப் பட்டியலில் வருகின்றன.

எடைகள் எதிர்மறையாகவும் வரத் தொடங்கினால் குறிச் சிக்கல். சராசரிக் குறி, அமைப்பின் அளவையும் வெப்பநிலையின் தலைகீழையும் பெருக்கி வரும் எண்ணுக்கு ஏற்ப அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. எண்ணில் பார்த்தால்தான் இதன் கொடுமை உறைக்கும். சராசரிக் குறி 0.001 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதத் துல்லியத்துக்கு ஏறக்குறைய 1,000 கோடி தற்சார்பான மாதிரிகள் வேண்டும். அமைப்பை இருமடங்காக்கினால், அல்லது வெப்பநிலையைப் பாதியாக்கினால், குறி பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். தேவைப்படும் மாதிரிகள் மேலும் பத்து லட்சம் மடங்கு கூடும். எந்த மீக்கணினியும் இதன் பின்னால் ஓட முடியாது. இந்தச் சிக்கலுக்குப் பொதுத் தீர்வு காண்பது என்பி-கடினம் (வேகமான வழி இருப்பதாக நம்பப்படாத வகை) என்று 2005-இல் ட்ராயரும் வீஸேயும் காட்டினார்கள். முக்கோண, காகோமே காந்தங்களும், துளைகள் ஏற்றிய (சில எலக்ட்ரான்களை எடுத்துவிட்ட) ஹப்பார்ட் மாதிரியும் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. நம்மை அதிகம் ஈர்க்கும் கட்டங்கள் பலவும் அங்கேதான் என்பது வருத்தமான உண்மை.

குறிச் சிக்கல் இல்லாத இடத்திலும் ஓர் எச்சரிக்கை. 2010-இல் தேன்கூடு லாட்டிஸில் பாதி நிரம்பிய ஹப்பார்ட் மாதிரியை 648 இடங்கள் வரை கணக்கிட்ட ஒரு குழு, அரை உலோகத்துக்கும் எதிர்ஃபெர்ரோகாந்தத்துக்கும் நடுவில் ஸ்பின் திரவம் இருப்பதாக அறிவித்தது. துறையே பரபரப்பானது. 2012-இல் வேறொரு குழு 2,592 இடங்கள் வரை போய்ப் பார்த்தது. இடைக் கட்டம் மறைந்துவிட்டது. நேரடி மாற்றம்தான் இருந்தது. கணக்கில் தவறு எதுவும் இல்லை. முடிவிலி அளவுக்கு நீட்டிப் பார்த்த இடத்தில், நடுவில் மிகச் சிறிதாகிப்போன ஒழுங்கைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

இப்போது டிஎம்ஆர்ஜி (அடர்த்தி அணி மறுஇயல்பாக்கக் குழு முறை). ஸ்டீவன் ஒயிட் 1992-இல் கொண்டுவந்தது. அலைச்சார்பைச் சிறு அணிகளின் தொடர்பெருக்கமாக எழுதி, ஒவ்வொரு வெட்டிலும் முக்கியமான நிலைகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. எத்தனை வைத்துக்கொள்கிறோம் என்பதே பிணைப்புப் பரிமாணம். கைவிடப்படுவது பின்னல், அதாவது பகுதிகளைத் தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைக்கும் குவாண்டம் தொடர்பு. வெட்டின் இருபுறமும் உள்ள பின்னலின் அளவான பின்னல் என்ட்ரோபி, பிணைப்புப் பரிமாணத்தின் மடக்கையைத் தாண்ட முடியாது. ஒருபரிமாணத்தில் ஆற்றல் இடைவெளி உள்ள அமைப்புகளில் அந்த என்ட்ரோபி சங்கிலி எவ்வளவு நீண்டாலும் ஓர் எல்லைக்குள் நிற்கிறது. 2007-இல் ஹேஸ்டிங்ஸ் இதை நிறுவினார். அதனால்தான் இந்த முறை அங்கே அப்படி வேலை செய்கிறது. ஸ்பின் ஒன்று சங்கிலியில் ஆற்றல் இடைவெளி உண்டு என்று 1983-இல் ஹால்டேன் சொன்னதை நம்பாதவர்கள் இருந்தார்கள். பத்து ஆண்டுகளில் டிஎம்ஆர்ஜி அந்த இடைவெளியை இணைப்பு வலிமையின் 0.4105 மடங்கு என்று நான்கு இலக்கத்துக்குச் சொல்லிவிட்டது.

குறிச் சிக்கல் இதற்குக் கிடையாது. ஃபெர்மியான் (எலக்ட்ரான் போன்ற துகள்), இழுபறிக் காந்தம் (எல்லா ஸ்பின்களையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாத காந்தம்), எதுவானாலும் சரி. விலையை இருபரிமாணத்தில் கொடுக்கிறோம். அங்கே அமைப்பை உருளையாகச் சுருட்டிச் சங்கிலிபோல நடத்துகிறார்கள். பின்னல் உருளையின் சுற்றளவோடு வளர்கிறது, தேவையான பிணைப்புப் பரிமாணம் சுற்றளவின் அடுக்குக்குறியாகிறது, கணக்கின் செலவோ பிணைப்புப் பரிமாணத்தின் மூன்றாம் படி. அதனால் நீளத்தில் நூறு இடங்கள் போகலாம், அகலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களிலேயே மூச்சு வாங்கும்.

இது பிழையாக வெளிப்படும் விதம் நுட்பமானது. ஆற்றலில் நெருக்கமாக நிற்கும் இரண்டு நிலைகளில், பின்னல் குறைந்த நிலையின் பக்கமே டிஎம்ஆர்ஜி சாய்கிறது. காகோமே ஹைசன்பர்க் காந்தத்தில் 2011-இல் இந்த முறை ஆற்றல் இடைவெளி கொண்ட ஸ்பின் திரவத்தைக் காட்டியது. அதே காலத்தில் மாறுபாட்டு மான்டி கார்லோ (ஊகித்த அலைச்சார்பைத் திருத்தித் திருத்தி ஆற்றலைக் குறைக்கும் முறை) செய்தவர்கள் இடைவெளி இல்லாத டிராக் ஸ்பின் திரவம் என்றார்கள். 2017-இல் உருளைக்குள் பாயத்தைச் செலுத்திப் பார்த்த டிஎம்ஆர்ஜி கணக்கு டிராக் கூம்பின் அடையாளங்களைக் கண்டது; அதே ஆண்டு இருபரிமாண டென்சர் வலைக் கணக்கும் (டிஎம்ஆர்ஜியின் அணித் தொடரை இருபரிமாணத்துக்கு விரித்தது) இடைவெளியில்லாத பக்கம் சாய்ந்தது. தாழ்நிலை ஆற்றலில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒத்துப்போனார்கள், கட்டத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. இந்த வரலாற்றை ஒவ்வொரு மாணவரும் ஆரம்பத்திலேயே படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆற்றல் நான்கு இலக்கம் பொருந்தினால் கட்டமும் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை அப்போதுதான் கலையும்.

மற்றவை

உண்மையான ஒரு பொருளின் எலக்ட்ரான் அமைப்பு, அதுவும் வெப்பநிலையோடு வேண்டும் என்றால் டிஎம்எஃப்டி (இயங்கு சராசரிப் புலக் கோட்பாடு). பரிமாணம் முடிவிலியாகும் எல்லையில் எலக்ட்ரான் தொடர்புகள் ஓர் இடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன என்று 1989-இல் மெட்ஸ்னரும் ஃபோல்ஹார்ட்டும் காட்டினார்கள். 1992-இல் ஜார்ஜும் கோட்லியாரும் லாட்டிஸ் முழுவதையும் ஒரு குளத்தில் மூழ்கிய ஒற்றை மாசு அணுவின் கணக்காக மாற்றினார்கள். காலத்தில் நிகழும் ஏற்ற இறக்கங்கள் முழுவதும் உள்ளே இருக்கின்றன; கைவிடப்படுவது இடங்களுக்கு இடையிலான தொடர்பு. மாட் மாற்றத்துக்கு அருமையான முறை. ஆனால் டி-அலை மீக்கடத்தலில் எலக்ட்ரான் ஜோடி இரு இடங்களில் பரவி நிற்கிறது, ஓரிட டிஎம்எஃப்டிக்குள் அதற்கு இடமே இல்லை. கொத்து வடிவத்துக்கு நீட்டினால் வரும். கூடவே குறிச் சிக்கலும் திரும்பி வரும். ட்ரிக்ஸ் தொகுப்பு இதற்கு நல்ல தொடக்கம்.

நரம்பு வலை அலைச்சார்புகள் 2017-இல் கார்லியோவும் ட்ராயரும் காட்டிய வழி. இருபரிமாணப் பின்னலைச் சுமக்கும் வலு இவற்றுக்கு உண்டு, சதுர லாட்டிஸ் இழுபறிக் காந்தங்களில் மிக நல்ல ஆற்றல்களைத் தந்திருக்கின்றன. எதைக் கைவிடுகின்றன என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் வருவதில்லை. டிஎம்ஆர்ஜியில் பிணைப்புப் பரிமாணத்தைக் கூட்டிக் கூட்டிப் போக்கைப் பார்க்கலாம். வலையின் அளவைக் கூட்டுவது அப்படி ஒழுங்கான ஒரு கைப்பிடியைத் தருவதில்லை, பயிற்சி ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்டாலும் வெளியே தெரியாது. இரண்டாவது முறையாக வைத்துக்கொள்ள ஏற்றது, முதல் முறையாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

குளிர் அணு ஆய்வுக்கூடங்களையும் ஒரு கணக்கீட்டு முறையாகவே பார்க்கிறவர்கள் உண்டு. 2002-இல் மியூனிக் குழு மீப்பாய்மத்திலிருந்து மாட் மின்காப்பானுக்குப் போகும் மாற்றத்தை நேரில் காட்டியது. 2017-இல் ஹார்வர்ட் குழு சுமார் 80 இடங்கள் கொண்ட ஃபெர்மி–ஹப்பார்ட் அமைப்பில் எதிர்ஃபெர்ரோகாந்தத்தைக் கண்டது. அங்கே எட்டிய வெப்பநிலை தாவல் ஆற்றலின் கால் பங்கு. கப்ரேட் (தாமிர ஆக்சைடு) மீக்கடத்திகளின் மாற்ற வெப்பநிலை அதே அளவுகோலில் 0.02 பக்கம். கோட்பாட்டாளர் சரிபார்க்கவும் வியக்கவும் நிறைய இருக்கிறது, ஆனால் அவர் எடுக்க வேண்டிய முடிவை இது மாற்றாது.

சரி, எதை எடுப்பது?

முதலில் உங்கள் மாதிரிக்குக் குறிச் சிக்கல் உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், மான்டி கார்லோதான். உண்டு என்றால், ஒருபரிமாணமோ குறுகிய உருளையோ ஆனால் டிஎம்ஆர்ஜி. அகலமான இருபரிமாணமும் குறிச் சிக்கலும் சேர்ந்து வந்தால் எந்த முறையும் தனியாகப் போதாது. அங்கே டிஎம்ஆர்ஜியை முதல் கருவியாக வைத்து, அதன் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் சாயும் இன்னொன்றைக் கூடவே வையுங்கள்: மாறுபாட்டு மான்டி கார்லோ, நரம்பு வலை, அல்லது இருபரிமாண டென்சர் வலை. ஒரே பக்கம் சாயும் இரண்டு முறைகள் ஒத்துப்போவதால் புதிதாக எதுவும் தெரிவதில்லை.

இப்படி ஒன்றுக்கொன்று எதிராக வைத்துப் பார்த்ததால்தான் ஹப்பார்ட் மாதிரியில் கொஞ்சம் நகர முடிந்திருக்கிறது. எட்டில் ஒரு பங்கு துளையேற்றம், விலக்கு தாவலின் எட்டு மடங்கு என்ற ஒரே புள்ளியை டிஎம்ஆர்ஜி, துணைப்புல மான்டி கார்லோ, டென்சர் வலை, அடர்த்தி அணி உட்பொதிப்பு ஆகிய நான்கும் தாக்கின. 2017-இல் நான்கும் வரிவரியான ஒழுங்கைத்தான் தாழ்நிலையாகச் சொன்னன. வெவ்வேறு அலைநீளம் கொண்ட வரிகளுக்கு இடையே ஆற்றல் வேறுபாடு தாவல் ஆற்றலின் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் அப்போது தெரிந்தது. அண்டை இடத் தாவல் மட்டும் உள்ள மாதிரியில் அந்தப் பகுதியில் மீக்கடத்தல் இல்லை என்று 2020-இல் ஒரு கூட்டுக் கணக்கு சொன்னது. அடுத்த அண்டைக்குத் தாவுவதையும் சேர்த்தபோது மீக்கடத்தல் வருவதாக 2024-இல் இன்னொன்று சொன்னது. இதில் எந்த வரியையும் ஒற்றை முறை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

எந்த மாதிரி என்று இன்னும் முடிவாகாமல், முறையை மட்டும் இன்றே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் என் பதில் டிஎம்ஆர்ஜி. மான்டி கார்லோ தான் வேலை செய்யும் இடத்தில் மேலானது என்றாலும், பாதியில் ஆய்வுக் கேள்வி மாறினால் அது சட்டென்று கைவிட்டுவிடும்; டிஎம்ஆர்ஜி சுருங்கும், நிற்காது. ஐடென்சர், டென்பை இரண்டும் இலவசம், நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன. பின்னலை வைத்தே கட்டத்தைச் சிந்திக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடும். ஒழுங்கு அளவீடே இல்லாத இடவியல் கட்டங்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

குழுவில் இருப்பதெல்லாம் மான்டி கார்லோ நிரல்தான் என்றால் அதற்காகச் சோர வேண்டியதில்லை. முறைக்கு ஏற்றபடி மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது. சண்ட்விக் 2007-இல் அப்படித்தான் ஹைசன்பர்க் மாதிரியோடு நான்கு ஸ்பின் உறுப்பு ஒன்றைச் சேர்த்து, குறிச் சிக்கலே வராத ஜே–கியூ மாதிரியை அமைத்தார். எதிர்ஃபெர்ரோகாந்தத்திலிருந்து இணைப்பு ஒழுங்குள்ள திண்மத்துக்குப் போகும் மாற்றத்தை அதில் பெரிய அளவுகளில் நேராகப் பார்க்க முடிகிறது. அந்த மாற்றம் தொடர்ச்சியானதா, மிக மெல்லிய முதல்வகை மாற்றமா என்ற விவாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. அதில் இறங்க நல்ல மான்டி கார்லோ நிரலும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.